பச்சைப் புல்லுக்கும் அளவு வேண்டும்

பிரிட்டனில் ஏப்ரல் பிறந்து, நிலத்தின் ஈரம் வற்றி, புல் தலைதூக்கியதும், குளிர்காலம் முழுக்க லாயத்திலும் சேற்றிலும் நின்று உலர்புல்லைத் தின்று சலித்த குதிரைகளை மேய்ச்சலுக்கு அவிழ்த்து விடுவார்கள். கதவு திறந்த நொடியில் அவை நாலுகால் பாய்ச்சலில் ஓடும், தரையில் புரளும், உதறி எழும். பிறகு புல்லில் வாய் வைத்தால் தலை நிமிராது. வளர்த்தவர் வேலியோரம் நின்று பார்த்து மனம் நிறைந்து போவார். சில வாரங்களில் கால்நடை மருத்துவர்களின் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கும். குதிரை நடக்க மறுக்கிறது, திரும்பச் சொன்னால் கால் கூசுகிறது, முன்னங்காலை நீட்டிப் பின்னங்காலில் சாய்ந்தபடி நிற்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். பட்டினி கிடந்த குதிரை ஒன்றுகூட அந்த வரிசையில் இருக்காது. வயிறு நிறைந்த, பளபளக்கும் தோலுள்ள, வீட்டுப் பிள்ளையாய் வளர்ந்த குதிரைகள்தான் அத்தனையும்.

வசந்தகால மேய்ச்சலில் குதிரைக்கு நேரும் கேடுகளில் பல தடுக்கக்கூடியவை. அவற்றில் மிகப் பெரியது, அளவில்லாமல் தின்ன விடுவதால் வருவது. குதிரையைப் பட்டினி போடுவது கொடுமை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எலும்பு தெரியும் குதிரையைக் கண்டால் வழிப்போக்கர்கூடப் புகார் கொடுப்பார். கழுத்தில் கொழுப்பு மேடிட்டு, விலா எலும்பு விரலுக்கே அகப்படாத குதிரையைக் கண்டால் அதே வழிப்போக்கர் ‘நன்றாக வளர்த்திருக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவார். இரண்டு குதிரைகளும் வலியில்தான் முடியப்போகின்றன. இரண்டாவதையும் புறக்கணிப்பு என்றே சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது.

புல் எங்கும் புல்தானே என்று தோன்றும். பிரிட்டனின் மேய்ச்சல் நிலங்களில் பெரும்பகுதி மாட்டுக்காகத் திருத்தப்பட்டவை. அங்கே விதைக்கப்படும் ரைகிராஸ், பாலும் எடையும் கூடுவதற்காகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட புல். சர்க்கரைச் சத்து அதிகமுள்ள ரைகிராஸ் ரகங்களை வேல்ஸிலுள்ள அபெரிஸ்ட்வித் ஆய்வு நிலையம் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது. பால்பண்ணைக்காரருக்கு அது வரம். அந்த நிலமே பின்னர் கைமாறி, வேலி மாற்றி, குதிரை வைத்திருப்பவர்களுக்கு வாடகைக்குப் போகும்போது கதை வேறாகிவிடுகிறது. எக்ஸ்மூர், டார்ட்மூர், ஷெட்லாண்ட், வேல்ஸ் மலை மட்டக்குதிரைகளின் முன்னோர், காற்று அறையும் மேட்டு நிலங்களில் முரட்டுப் புல்லையும் புதர்க்கொழுந்தையும் தேடி மைல் கணக்கில் நடந்து பிழைத்தவை. கோடையில் சேர்த்த கொழுப்பைக் குளிர்காலத்தில் கரைத்து, மார்ச் மாதம் ஒட்டிய விலாவோடு வெளியே வரும் உடல் அது. அந்த உடலைக் கொழுத்த ரைகிராஸில் கொண்டுபோய் நிறுத்தினால் தாங்காது.

புல்லுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் எந்த நேரம் ஆபத்து என்பதும் புரிந்துவிடும். பகல் வெயிலில் புல் சர்க்கரையைத் தயாரிக்கிறது. இரவில் அதைச் செலவிட்டு வளர்கிறது. இரவுக் குளிர் ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி நின்றுவிடும், சர்க்கரை செலவாகாமல் தங்கிவிடும். மிஞ்சியதைக் குளிர்நாட்டுப் புற்கள் ஃப்ரக்டான் என்ற வடிவில் அடித்தண்டில் சேர்த்து வைக்கும். ஆகவே உறைபனி விழுந்த இரவுக்குப் பின் பளிச்சென்று வெயில் அடிக்கும் காலைதான் மிகவும் மோசமானது. மனிதருக்கு வெளியே போகத் தோன்றும் காலையும் அதுதான், குதிரையை அவிழ்த்து விடத் தோன்றும் காலையும் அதுதான். மேகமூட்டமான, குளிரில்லாத விடியற்காலையில் மேய விட்டு, வெயில் ஏறுமுன் உள்ளே கட்டிவிடுவது பழகியவர்களின் வழக்கம். பனி விழுந்த நாளில் அவர்கள் அதையும் செய்வதில்லை. ஒட்ட மேய்ந்த நிலத்தில் புல்லே இல்லையே என்று நம்பி விடுபவர்களும் ஏமாறுகிறார்கள். அங்கே மிஞ்சி நிற்பது சர்க்கரை தங்கியிருக்கும் அந்த அடித்தண்டுதான்.

இந்தச் சர்க்கரை குதிரையின் காலுக்கு எப்படிப் போகிறது? குளம்பின் கடினமான ஓட்டுக்குள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. அந்த ஓடும் இந்த எலும்பும், நகமும் சதையும் போல, நூற்றுக்கணக்கான மெல்லிய மடிப்புகளால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கின்றன. ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை நிற்பதும் ஓடுவதும் இந்தக் கோப்பை நம்பித்தான். லேமினைட்டிஸ் என்னும் குளம்பு நோயில் இந்த மடிப்புகள் இளகி நீண்டு பிடி விடுகின்றன. எலும்பு உள்ளே திரும்புகிறது, அல்லது அப்படியே கீழே இறங்குகிறது. முற்றிய நிலையில் எலும்பின் நுனி குளம்பின் அடிப்பகுதியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அந்தக் கட்டத்தில் மருத்துவரிடம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கருணைக்கொலை ஊசிதான்.

ஒரு காலத்தில் இதைக் குளம்பின் நோய் என்று மட்டுமே நினைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிறிஸ் பொலிட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட சோதனை அந்த எண்ணத்தை மாற்றியது. நலமாக இருந்த மட்டக்குதிரைகளின் ரத்தத்தில் இன்சுலினைத் தொடர்ந்து உயர்த்தி வைத்தார்கள். ரத்தச் சர்க்கரை மட்டும் இயல்பான அளவிலேயே வைக்கப்பட்டிருந்தது. மூன்று நாளுக்குள் அவற்றுக்கு லேமினைட்டிஸ் வந்துவிட்டது. சர்க்கரை மிகுந்த புல்லைத் தின்றால் இன்சுலின் ஏறுகிறது, உடல் கொழுத்த குதிரைக்கு அது மேலும் ஏறுகிறது, ஏறிய இன்சுலின் குளம்பின் பிடியை இளக்குகிறது என்ற சங்கிலி இவ்வாறு தெளிவானது. இன்று மருத்துவர்கள் பார்க்கும் லேமினைட்டிஸில் மிகப் பெரும்பாலானவை இப்படி ஹார்மோன் கோளாற்றின் வழியாக வருபவையே. தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளி இல்லாத தெரு கிடையாது. இந்தச் சங்கிலியைப் புரிந்துகொள்ள நம் வாசகர்களுக்குத் தனி விளக்கம் தேவைப்படாது.

நோய் முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதற்குச் செலவே கிடையாது. குளம்புக்குச் சற்று மேலே, காலின் பின்பக்கத்தில் இருபுறமும், இரண்டு விரல்களை லேசாக அழுத்தி வைக்க வேண்டும். நலமான குதிரைக்கு அங்கே நாடி தேடினால்தான் அகப்படும், சில நேரம் அகப்படவே அகப்படாது. நோய் தொடங்கிய குதிரைக்கு விரலைத் தட்டும் அளவுக்கு அடிக்கும். குளம்பின் மேல் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியும். நிற்கும்போது எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். மண் தரையில் நன்றாக நடந்த குதிரை கல் தரைக்கு வந்ததும் தயங்கும். தினமும் காலையில் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்யும்போதே இதையும் பார்த்துவிடலாம். நலமாக இருக்கும் நாள்களில் விரல் பழகியிருந்தால்தான் கெட்ட நாளில் வேறுபாடு தெரியும். வசந்தம் தொடங்குமுன்பே பழகச் சொல்லி மருத்துவர்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

எவ்வளவு குதிரைகள் கொழுத்திருக்கின்றன என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 96 குதிரைகளைக் குளிர்கால முடிவிலும் கோடை முடிவிலும் பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். குளிர்கால முடிவில் 27 சதவீதம் அளவுக்கு மீறிக் கொழுத்திருந்தன, கோடை முடிவில் அது 35 சதவீதமானது. இதில் கவலைக்குரியது முதல் எண்தான். குளிர்காலம் முடியும்போது குதிரை மெலிந்திருக்க வேண்டும். நான்கில் ஒன்றுக்கு மேல் அப்போதே கொழுத்திருக்கிறது என்றால் இயற்கை வைத்த கழித்தல் கணக்கை மனிதர்கள் ரத்து செய்துவிட்டார்கள் என்று பொருள். குளிருமே என்று கனத்த போர்வை போர்த்துகிறார்கள், பசிக்குமே என்று பக்கெட் பக்கெட்டாகத் தீவனம் வைக்கிறார்கள். சேர்த்த கொழுப்பு கரையாமலே அடுத்த ஏப்ரல் வந்துவிடுகிறது. அனிமல் ஹெல்த் டிரஸ்ட், ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வாளர்கள் பிரிட்டன் முழுவதும் குதிரைகளைத் தொடர்ந்து கவனித்ததில், ஆண்டுக்குப் பத்தில் ஒன்றுக்கு லேமினைட்டிஸ் வருவது தெரிந்தது. எடை கூடிய குதிரைகளுக்கு, எடை குறைந்தவற்றையும் மாறாதவற்றையும்விட, நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

குதிரையை இப்படிக் கொழுக்க விடுவது மனதின் சிக்கல். ஒரு தாயிடம் ‘உங்கள் பிள்ளை குண்டாக இருக்கிறான்’ என்று சொல்வது எவ்வளவு கடினமோ, குதிரைக்காரரிடம் சொல்வதும் அவ்வளவு கடினம் என்று பிரிட்டனின் மருத்துவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். அதற்காக அங்குள்ள குதிரை மருத்துவர் சங்கம் ஒரு வழி கண்டது. தடுப்பூசி போட வரும் மருத்துவர், குதிரையின் பாஸ்போர்ட்டில் அதன் உடல்நிலைக்கேற்பப் பச்சை, மஞ்சள், சிவப்பு என ஏதாவதொரு நிற வில்லையை ஒட்டிவிட்டுப் போவார். வாய்ப்பேச்சால் வரும் மனக்கசப்பு குறைகிறது, எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் பதிவாகிறது. நல்ல முயற்சி, ஆனால் இது போதாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையிலுள்ள 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், ‘பொருத்தமான உணவு’ கொடுப்பதை வளர்ப்பவரின் கடமையாக்கியிருக்கிறது. பொருத்தமான என்ற சொல் குறைவை மட்டும் குறிப்பதில்லை. சிவப்பு வில்லையை ஆண்டுதோறும் வாங்கிக்கொண்டு எதையும் மாற்றாதவரிடம், மெலிந்த குதிரையை வைத்திருப்பவரிடம் விசாரிப்பதைப் போலவே விசாரிக்க வேண்டும். குதிரைக் காட்சிகளில் கொழுத்த மட்டக்குதிரைக்கு ரோஜா நாடா குத்தும் நடுவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கொழுப்பை அழகு என்று பரிசளித்துவிட்டு, வளர்ப்பவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

நல்லெண்ணத்தோடு கொடுத்த தீனியால் குதிரை செத்த கதை தமிழ் மண்ணுக்கும் புதிதல்ல. 13-ஆம் நூற்றாண்டின் முடிவில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இறங்கியதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் மிகச் சிலவே உயிரோடு மிஞ்சியதையும் எழுதி வைத்திருக்கிறார். குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை என்றும், இறைச்சியோடு சமைத்த சோற்றை அவற்றுக்குக் கொடுத்தார்கள் என்றும் அவர் குறிப்பிடுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் தானியத்தை வறுத்து வெண்ணெயோடு கொடுத்தார்கள், காய்ச்சிய பசும்பால் கொடுத்தார்கள் என்று வியக்கிறார். அரசனின் குதிரைக்கு வீட்டிலிருந்த உயர்ந்த பொருள்களையே கொடுத்திருக்கிறார்கள். குதிரையின் குடலுக்கு அது எதுவுமே ஆகாது.

அந்தக் குடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாட்டைப் போலக் குதிரைக்கு நான்கு அறை வயிறு கிடையாது, அது அசை போடுவதும் இல்லை. இரைப்பை சிறியது. நாரைச் செரிக்கும் வேலை பின்குடலில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களால் நடக்கிறது. உலர்புல்லுக்குப் பழகிய நுண்ணுயிர்க் கூட்டம் பச்சைப் புல்லுக்கு மாற நாள் பிடிக்கும். ஒரே நாளில் மாற்றினால் வாயு கட்டும், குடல் புரளும், கோலிக் என்னும் கொடிய வயிற்று வலி வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. முதல் நாள் அரை மணி நேரம், மறுநாள் சற்றுக் கூடுதல் என இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகப் பழக்க வேண்டும். மேய விடுமுன் உலர்புல் கொடுத்துவிட்டால் பச்சையைக் கண்ட பரபரப்பும் குறையும்.

நேரத்தைக் குறைத்தால் மட்டும் போதும் என்று நம்புபவர்கள் ஏராளம். மட்டக்குதிரைகளை வைத்து அனெட் லாங்லாண்ட் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வுகள் அதைத் தகர்த்தன. நாளுக்கு மூன்று மணி நேரமே மேய விடப்பட்ட மட்டக்குதிரைகள் சில வாரங்களில் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டன. கதவு திறந்ததும் குனிந்து, மூச்சு விடாமல் மேய்ந்து, நாள் முழுத் தீனியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை அந்த மூன்று மணி நேரத்திலேயே முடித்துவிட்டன. அடியில் சிறு துளை வைத்த வாய்க்கூடு கட்டினால் புல் தின்பது ஏறத்தாழ 80 சதவீதம் குறைகிறது என்பதையும் அவர்கள் காட்டினார்கள். போரடிக்கும்போது மாட்டுக்கு வாய்க்கூடு கட்டிய ஊர்களில் இது விசித்திரமாகத் தெரியாது. பிரிட்டனில் பலருக்கு இது மனதை அறுக்கும் காரியம். குதிரையின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது என்கிறார்கள். உண்மையில் வாய்க்கூடு கட்டிய குதிரை வெயிலில் நிற்கிறது, துணைக் குதிரைகளோடு உலவுகிறது, தண்ணீர் குடிக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கிறது. குளம்பெலும்பு இறங்கிய குதிரை லாயத்து மரத்தூளில் படுத்தே கிடக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பாவம் என்பதில் ஐயம் வராது.

வேறு வழிகளும் உண்டு. மின்வேலி நாடாவை நாளுக்கு ஓரிரு அடி மட்டும் நகர்த்தி, புதுப் புல்லைக் கொஞ்சமாகத் திறந்து விடலாம். அமெரிக்காவில் காட்டுக் குதிரைகளைப் பின்தொடர்ந்து கவனித்த ஜெய்மி ஜாக்சன் சொன்ன முறையில், நிலத்தின் ஓரத்தைச் சுற்றி ஒரு குறுகிய நடைபாதையை வேலியிட்டு, தண்ணீரை ஒரு கோடியிலும் உலர்புல்லை மறு கோடியிலும் வைத்து நடக்க வைக்கலாம். நோய்க்கு ஆளாகக்கூடிய குதிரையைப் புல்லே இல்லாத மண் திடலில் விட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் சர்க்கரை கரைந்த உலர்புல்லைக் கொடுக்கலாம். எதைச் செய்தாலும் வாரம் ஒருமுறை மார்பைச் சுற்றி எடை நாடாவால் அளந்து எழுதி வைக்க வேண்டும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு எடை கூடுவது தெரியாது.

இனி புல்லுக்கிடையே முளைப்பவை. மேப்பிள் இனத்தைச் சேர்ந்த சைகமோர் மரத்தின் இறகு வைத்த விதைகள் இலையுதிர்காலத்தில் சுழன்று விழும். வசந்தத்தில் அவை புல்லுக்கு நடுவே முளைக்கும். விரல் நீளம்கூட இல்லாத சிவந்த தண்டு, அதன் மேல் பட்டை போல நீண்ட இரண்டு விதையிலைகள், சில நாள் கழித்து ரம்ப விளிம்புள்ள இரண்டு இலைகள். மழைக்குப் பிறகு ஒரு மரத்தடியில் நூற்றுக்கணக்கில் நிற்கும். இவற்றிலுள்ள ஹைப்போகிளைசின் ஏ என்ற நஞ்சு, கொழுப்பை எரித்துச் சக்தி பெறும் வேலையைத் தசைகளில் முடக்கிவிடுகிறது. குதிரை தள்ளாடும், விழும், சிறுநீர் கரும்பழுப்பாகப் போகும். நோய் கண்டவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பிழைப்பதில்லை. பல ஆண்டுகள் காரணம் தெரியாமல் திணறிய இந்த நோயை, அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி வால்பெர்க் குழுவினர் பாக்ஸ் எல்டர் என்ற மேப்பிள் மரத்தின் விதையோடு பொருத்திக் காட்டினார்கள். ஐரோப்பாவில் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் டொமினிக் வோஷன் குழுவினர் சைகமோரோடு பொருத்திக் காட்டினார்கள்.

இந்த நஞ்சு இந்தியாவுக்கு அந்நியமானதல்ல. பிகாரின் முசாஃபர்பூரில் கோடைதோறும் குழந்தைகள் விடியற்காலையில் வலிப்பு வந்து இறந்தபோது, அது வைரஸ் அல்ல, லிச்சிப் பழத்திலுள்ள நஞ்சாக இருக்கலாம் என்று 2014-இல் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் வேலூர் சி.எம்.சி.யின் வைரஸ் அறிஞர் டி. ஜேக்கப் ஜான். அந்த ஆண்டு முசாஃபர்பூரில் ஆராயப்பட்ட 390 குழந்தைகளில் 122 பேர் இறந்தார்கள். இரவு உணவில்லாமல் தூங்கிய பிள்ளைகளின் ரத்தச் சர்க்கரையை அடியோடு வீழ்த்தியவை ஹைப்போகிளைசினும் அதன் உறவான இன்னொரு நஞ்சும்தான் என்று பின்னர் வந்த ஆய்வு உறுதிசெய்தது. லிச்சியும் மேப்பிளும் நம்மூர்ப் பூந்திக்கொட்டையும் ஒரே தாவரக் குடும்பம். பசித்த வயிற்றில்தான் அங்கே நஞ்சு வேலை செய்தது. மேய்ச்சல் நிலத்திலும் ஏறக்குறைய அப்படித்தான். வேறு புல் போதாமல் தரையை நக்கித் தின்னும் குதிரைதான் நாற்றைக் கடிக்கிறது. கொழுக்கவும் விடக்கூடாது, வெறும் தரையில் பட்டினியாக நிறுத்தவும் கூடாது என்ற இந்த இழுபறியில்தான் நல்ல வளர்ப்பாளரின் திறமை வெளிப்படுகிறது.

நாற்றை வெட்டிப்போட்டால் தீர்ந்தது என்று நினைப்பது தவறு. வெட்டி வாடிய நாற்றிலும், களைக்கொல்லி தெளித்த நாற்றிலும் நஞ்சு தங்கியிருப்பதை ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வு காட்டியிருக்கிறது. பிடுங்கி அகற்ற வேண்டும், அல்லது முளைக்கும் வாரங்களில் அந்த மூலையை வேலியிட்டுத் தடுக்க வேண்டும். நாற்றைப் பரிசோதித்துச் சொல்லும் வசதியும் அதே கல்லூரியில் இருக்கிறது. நிலத்தை வாடகைக்கு விடுபவர் இந்தப் பரிசோதனையைச் செய்து முடிவைக் குத்தகை ஒப்பந்தத்தோடு இணைத்துக் கொடுப்பதைக் கட்டாயமாக்கினால் என்ன குறைந்துவிடும்? கல்லீரலைத் தின்னும் மஞ்சள் பூக் களையான ராக்வொர்ட்டுக்கு 1959-இலேயே களைச் சட்டமும் 2003-இல் தனிச் சட்டமும் பிரிட்டனில் வந்துவிட்டன. பச்சையாக இருக்கும்போது கசப்பதால் குதிரை ஒதுக்கும் செடி அது. உலர்புல்லில் கலந்து காய்ந்தால் கசப்பு போகும், நஞ்சு போகாது. தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாக அது நிற்கும் வசந்தகாலமே அகற்ற ஏற்ற நேரம். மெல்லக் கொல்லும் களைக்கு இரண்டு சட்டம் இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் கொல்லும் நாற்றுக்கு நிலக்காரரின் மனச்சாட்சி மட்டுமே காவல்.

மனிதர் கைக்கு இன்னும் அகப்படாத ஒன்றும் இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ஸ்காட்லாந்தில் முதன்முதல் பதிவான புல்நோய், குடலை இயக்கும் நரம்புகளை அழித்துக் குதிரையைக் கொல்கிறது. நூற்றாண்டு கடந்தும் அதன் காரணம் நிறுவப்படவில்லை. ஏப்ரல் முதல் ஜூலை வரை, குறிப்பாக மே மாதம், குளிர்ந்து வறண்ட ஒரு வாரத்துக்குப் பின் இது தலைகாட்டும். ஒருமுறை வந்த நிலத்தில் மறுபடி வரும் என்பதும், இளங்குதிரைகளை அதிகம் தாக்கும் என்பதும் தெரியும். அந்த நிலத்தில் அந்த மாதத்தில் இளங்குதிரையை விடாமல் இருப்பது ஒன்றே இன்றைக்கு உள்ள பாதுகாப்பு. நிலத்தின் நோய் வரலாற்றை மறைத்து வாடகைக்கு விடுவது இதனால்தான் மன்னிக்க முடியாத குற்றம்.

மாட்டுக்கு ஏற்ற புல் குதிரைக்கு ஏற்றதல்ல என்பது வெப்ப நாடுகளுக்கும் பொருந்தும், நோய்தான் வேறு. கொங்கு நாட்டின் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் காங்கேயம் மாடுகளை வளர்க்கும் கொழுக்கட்டைப் புல்லிலும், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நீலகிரியில் பரவிய கிக்குயு புல்லிலும் ஆக்சலேட் உண்டு. அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப் போட்டுவிடும். மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. இத்தகைய புல்லை மட்டுமே மாதக்கணக்கில் தின்ற ஆஸ்திரேலியக் குதிரைகளுக்கு எலும்பு மெலிந்து முகம் வீங்கும் ‘பெருந்தலை’ நோய் வருகிறது. சவாரி முடிந்ததும் குதிரையை அவிழ்த்து விட்டால் எங்காவது மேய்ந்துகொள்ளும் என்று நினைக்கும் உதகை, கொடைக்கானல் குதிரைக்காரர்களிடம் யாராவது இதை எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த வேலை கால்நடைத் துறையுடையது.

கவனம் வைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் சான்று. 2001 ஏப்ரல் கடைசியில், உலகின் விலையுயர்ந்த பந்தயக் குதிரைகள் பிறக்கும் லெக்சிங்டன் வட்டாரப் பண்ணைகளில், சினைக் குதிரைகளுக்கு அடுத்தடுத்துக் கரு கலைந்தது. நிறைமாதத்தில் இறந்து பிறந்த குட்டிகள் ஐந்நூறுக்கு மேல். சினைப்பட்டுச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆன கருக்கள் ஆயிரக்கணக்கில் போயின. கென்டக்கி டெர்பி பந்தயம் நடக்கும் வாரத்தில், செத்த குட்டிகளை ஏற்றிய வண்டிகள் பல்கலைக்கழகப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் வந்து நின்றன. அந்த ஆண்டின் இழப்பு ஏறத்தாழ 33.6 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்டது. புல்லில் பூஞ்சை நஞ்சா, செர்ரி இலையின் சயனைடா என்று எல்லாவற்றையும் சந்தேகித்தார்கள்.

அந்த வசந்தத்தில் கருஞ்செர்ரி மரங்களில் கூடாரம் போல் வலை கட்டும் ஒருவகைக் கம்பளிப்பூச்சி அளவுகடந்து பெருகியிருந்தது. மரத்தை மொட்டையாக்கிவிட்டு, கூட்டம் கூட்டமாகப் புல்வெளிக்கும் வேலிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இறங்கிவந்தது. குதிரைகள் புல்லோடு சேர்த்து அதையும் தின்றன. அடுத்த ஆண்டு ஆய்வாளர்கள் சினைக் குதிரைகளுக்கு இந்தப் புழுவைக் கொடுத்துப் பார்த்தார்கள், கரு கலைந்தது. புழுவின் முட்கள் குடல் சுவரைக் குத்தித் துளைக்க, குடலிலும் வாயிலும் சாதாரணமாக வாழும் பாக்டீரியாக்கள் ரத்தத்தில் ஏறிக் கருவை அடைகின்றன என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

காரணம் தெரிந்ததும் பண்ணைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மேய்ச்சல் நிலத்தை ஒட்டிய செர்ரி மரங்களை வெட்டினார்கள். குளிர்காலத்திலேயே கிளைகளைச் சுற்றி ஒட்டியிருக்கும் முட்டைக் கொத்துகளைத் தேடிக் கிள்ளி எறிந்தார்கள். புழு இறங்கும் வாரங்களில் சினைக் குதிரைகளை அந்த நிலத்தில் விடுவதில்லை. கென்டக்கி பல்கலைக்கழகப் பூச்சியியலாளர்கள் வசந்தந்தோறும் முட்டை பொரியும் நேரத்தைக் கண்காணித்துப் பண்ணைகளுக்கு அறிவிக்கிறார்கள். 2001, 2002 ஆண்டுகளின் அளவுக்கு அந்த இழப்பு அங்கே மறுபடி நேரவில்லை. கோடிக்கணக்கான டாலர் பெறுமான குதிரைகள் என்பதால் ஒரு மாநிலமே விழித்துக்கொண்டது. பிரிட்டனின் வாடகை நிலத்தில் நிற்கும் ஒரு பிள்ளையின் ஷெட்லாண்ட் மட்டக்குதிரைக்குத் தேவைப்படுவது ஒரு வாய்க்கூடும், ஓர் எடை நாடாவும், நிலக்காரர் கையெழுத்திட்ட ஒரு நாற்றுப் பரிசோதனை அறிக்கையும்தான். அதைக்கூட மார்ச் மாதமே கேட்டு வாங்கிவிட வேண்டும், புல் முளைத்த பிறகு கேட்பதில் பயனில்லை.